துரைக்குத் துணை பார்த்த கதை

சீர்வரிசையோடு நாயையும் கொண்டுவந்த மருமகள் மரக்காணம் வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான். கட்டில் இறங்கியது, பீரோ இறங்கியது, குத்துவிளக்கும் எவர்சில்வர் பாத்திரங்களும் இறங்கின. கடைசியாக லாரியிலிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கிரேட் டேன் ஜாதி நாய் இறங்கியது. ஊரில் இன்றைக்கும் வயதானவர்கள் என்னை அந்த அடையாளத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்த நாய்க்குத் துணையாக இன்னொரு நாயைத் தேர்ந்தெடுக்கப் போய் நான் அடித்த கூத்தை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். மரியாதைக்காகப் பாதியைக் குறைத்துவிடுவார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பாண்டிச்சேரியில் என் அப்பா கணக்கு எழுதிவந்த வீட்டுக்காரர்கள் பிரான்சுக்கே திரும்பிப் போனபோது ஒரு குட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா அதற்குத் துரை என்று பேர் வைத்தார். நாலு வருஷம் என் கையால் சாப்பிட்டு, என் கட்டிலுக்குக் கீழே படுத்து, பிறகு கட்டிலுக்குக் கீழே நுழைய முடியாத அளவுக்கு வளர்ந்தான். கல்யாணம் நிச்சயமானதும், துரை வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று அடம் பிடித்தேன். (அப்படி நிபந்தனை போட்ட பெண்ணை அந்தக் காலத்தில் சரியென்று ஏற்றுக்கொண்டவர்கள் எப்பேர்ப்பட்ட தங்கமான மனுஷர்களாக இருக்க வேண்டும்? இதை யோசிக்கிற அறிவு எனக்கு அப்போது கிடையாது.)

மாமனாருக்கு உப்பளம். வீடு அதன் கரையிலேயே இருந்தது. வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகள்தான். விடிவதற்கு முன்பே என் கணவர் மேஸ்திரியோடு இறங்கிவிடுவார், சாயங்காலம்தான் திரும்புவார். வீட்டில் நானும் மாமியாரும். அத்தை அதிகம் பேசமாட்டார். எனக்கு அவரிடம் பயம். ஆகவே நாள் முழுக்க நான் பேசியது துரையிடம்தான். வத்தல் குழம்பில் புளி தூக்கல் என்பது உட்பட எல்லாக் குறைகளையும் அவனிடம் சொன்னேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வான்.

வந்து ஒரு மாதத்தில் துரை சாப்பிடுவதை நிறுத்தினான். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். பாண்டி பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நின்று பெருமூச்சு விடுவான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"வாயில்லா ஜீவன், பாவம்மா. இந்த உப்புக் காத்து அதுக்கு ஒத்துக்கல போலிருக்குது. அமாவாசை வரைக்கும் பாப்போம். தேறலன்னா லாரி பாண்டி போவுது, ஏத்தி உங்கப்பாகிட்டயே அனுப்பிடலாம்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரக்கத்தோடு சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அந்த வீட்டில் என்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஜீவன் என்று யாரும் இல்லை. ஓரளவு தெரிந்தது துரை ஒருவன்தான். அவனும் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

திண்டிவனத்திலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார் என் கணவர். அவர் துரையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார், வாயைத் திறந்து பார்க்கத் துணியாமல் கண்ணை மட்டும் பார்த்தார். "உடம்புல ஒண்ணுமில்ல. தனியா இருக்குது, ஏங்குது. இன்னொரு நாய் துணைக்கு இருந்தா தேறிடும். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எந்த நாயப் பாத்தாலும் இதையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டையும் ஒரு மணி நேரம் ஒண்ணா விட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அவர் திரும்பிப் போக பஸ் ஏறுவதற்குள் நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

உயரம் பொருந்த வேண்டும் என்பது என் கட்சி. பெரிய நாய்க்குப் பெரிய நாய்தான் துணை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் கடையில் சாதுவான நாய் இருக்கிறது, எந்த நாயோடும் ஒட்டிக்கொள்ளும் என்று லாரி டிரைவர் சொன்னார். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினார். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்தது கிளியனூர் ரைஸ்மில் வரன். ஆமாம், வரன் என்றுதான் வீட்டில் சொன்னோம். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம், பெட்டை, பேர் வெள்ளையம்மா. மில்காரர் மகன் ஊரைவிட்டுப் போகிறானாம், நல்ல இடமாக இருந்தால் கொடுக்கிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அத்தைக்கு முகம் மலர்ந்து அன்றுதான் பார்த்தேன். பெண் பார்க்கப் போவதென்றால் அவருக்கு அவ்வளவு இஷ்டம். நாள் பார்த்தார், ராகு காலம் தள்ளினார், வெற்றிலை பாக்கு, பழம், ஒரு முழம் பூ எல்லாம் எடுத்து வைத்தார்.

என் கணவர் மெல்லக் கேட்டார், "டாக்டரு துரையையும் கூட்டிட்டுப் போவச் சொன்னாரே?"

"நிச்சயம் ஆவறதுக்கு முன்னாடி மாப்பிள்ளைய இட்டுக்கினு போற வழக்கம் நம்ம வீட்ல உண்டா? உன்னை இட்டுக்கினு போனேனா?" என்றார் அத்தை.

அவர் சொன்னதில் தப்பில்லை. கல்யாண மேடையில்தான் என் கணவர் என்னை முதலில் பார்த்தார். நானும் வேகமாகத் தலையாட்டினேன். பொல்லாத உற்சாகம் எனக்கு. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து என்னை நடக்கச் சொன்னார், பாடச் சொன்னார், தலைமுடி நிஜம்தானா என்று சாக்குச் சொல்லி இழுத்துப் பார்த்தார். இப்போது மாப்பிள்ளை வீட்டாரோடு நாற்காலியில் உட்காரப்போவது நான்.

கிளியனூரில் பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் வந்தது. மில்காரர் மனைவி வெள்ளையம்மாவைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்தார். அத்தை பூவை அதன் கழுத்தில் சுற்றினார். "கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றார். நடந்தது. கால் ஊனமில்லை. "குரல்?" என்றேன் நான், காபியை ஆற்றிக்கொண்டே. மில்காரர் சொடக்குப் போட்டார், அது ஒரு தடவை குரைத்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூக்கு சற்று நீளம் என்று அத்தை காதில் சொன்னேன். போகப்போகச் சரியாகிவிடும் என்று அவர் என் காதில் சொன்னார். கல்யாணமாகி வந்த பிறகு நாங்கள் இருவரும் ரகசியம் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கோழியைத் தொடுமா என்று கேட்டோம். தொடாது. திருடித் தின்னுமா? தின்னாது. அப்போது மில்காரர் மனைவி பெருமையாக ஒன்று சொன்னார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஏழு வருஷமா இருக்குதுங்க. இந்தத் தெரு நாயி ஒண்ணு கூட நம்ம மில் வாசல்ல நின்னதில்ல. தூரத்துல பாத்தாலே போதும், ஊர் எல்லை வரைக்கும் ஓட ஓட வெரட்டிட்டு வந்துரும். மத்த நாயிங்க சகவாசமே கெடையாது."

யோசித்துப் பாருங்கள். இன்னொரு நாயோடு சேர்ந்து வாழ ஒரு நாயைத் தேடிப் போயிருக்கிறோம். இது எந்த நாயையும் கிட்டே விடாது என்று அவர்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள். அத்தை கண்களில் தண்ணீரே வந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒழுக்கமா வளத்திருக்கீங்களே" என்றார். நானும் மனம் நெகிழ்ந்தேன். அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு இல்லாத பெண்! அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டோம்.

அனுப்பிவைக்கவும் நல்ல நாள் பார்க்க வேண்டுமே. பங்குனியில் எங்கள் அளத்தில் முதல் உப்பு வாருகிற நாள் குறித்திருந்தது. அதற்குப் பார்த்த முகூர்த்தத்தையே இதற்கும் வைத்துக்கொண்டால் ஒரே தேங்காயில் இரண்டு காரியமும் முடியும் என்பது அத்தையின் கணக்கு. எனக்கும் சரியாகத்தான் பட்டது.

உப்பளம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்தி என்பது வெறும் மண் இல்லை. பருவம் தொடங்குமுன் ஆட்கள் வரிசையாக நின்று நாள் கணக்கில் காலால் மிதித்து மிதித்து அதன் தரையைக் கெட்டியாக்குவார்கள். அப்படிக் கெட்டியானால்தான் மேலே உப்பு வெள்ளையாகப் பூக்கும். தரை கலங்கினால் உப்பு சேறாகிவிடும். மேஸ்திரி கூட வரப்பில்தான் நடப்பார், உள்ளே காலை வைக்கமாட்டார்.

அன்று காலை பூசை முடிந்தது. பெண்கள் உப்பு வாரும் பலகைகளோடு வரப்பில் நின்றார்கள். துரை நிழலில் படுத்திருந்தான். அத்தை மிச்சமிருந்த ஆரத்தியைத் தட்டில் கரைத்துக்கொண்டு எதிர்க்கரையில் வீட்டுப் பக்கமாகத் தயாராக நின்றார். லாரி வந்தது. பூ வைத்த வெள்ளையம்மா இறங்கியது, துரையைப் பார்த்தது.

ஏழு வருஷப் பழக்கம் எங்கே போகும்? பாய்ந்தது.

பாண்டிச்சேரியில் துரையைப் பார்த்து மற்ற நாய்கள்தான் ஓடும். அவன் ஓடிப் பழகியதில்லை. பழகாத வேலையை அன்று பிரமாதமாகச் செய்தான். வரப்பு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. முதல் பாத்தியில் இறங்கினான், இரண்டாவதில் சறுக்கினான், மூன்றாவதில் அப்படியே உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே நாலாவதுக்குப் போனான். பின்னால் வெள்ளையம்மா. அதற்குப் பின்னால் "துரை, நில்லுடா" என்று கத்திக்கொண்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, நான். (நாய்கள் கெடுக்காமல் விட்ட இடங்களை நான் கெடுத்தேன் என்று மேஸ்திரி பிறகு சொன்னார்.) வெள்ளை உப்புக்கு நடுவே கறுப்புச் சேறு கொப்பளித்துக்கொண்டு வந்தது.

துரை நேராக அத்தையிடம் போனான். அவர் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய உடம்பையும் ஒளித்துக்கொள்ளப் பார்த்தான். ஆரத்தி அவர் புடவையில் கொட்டியது. அதுவரை அந்த நாயை ஒரு விரலால் கூடத் தொடாதவர், ஒரு கையால் அவன் கழுத்தை அணைத்துக்கொண்டு, மறு கையிலிருந்த தட்டை வரப்பில் ஓங்கி அடித்தார். "தே, போ அப்பால" என்றார், சத்தமே உயர்த்தாமல். வெள்ளையம்மா நின்று, யோசித்து, உட்கார்ந்துவிட்டது.

மாமா குடையை மடக்கினார். "எத்தினி?"

"பதினொண்ணுங்க. திரும்ப மிதிக்கணும்" என்றார் மேஸ்திரி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உயரம் பொருத்தமாத்தான் இருந்துச்சு மாமா" என்றேன்.

மறுநாள் நான் பாத்தியில் இறங்கினேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே முகம் காட்ட முடியவில்லை. உப்புத் தண்ணீரில் அரை மணி நேரத்தில் கால் எரிய ஆரம்பித்தது. பக்கத்தில் யாரோ இறங்கி என் தோளில் கை போட்டார்கள். மிதிக்கும்போது அப்படித்தான் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்வது வழக்கம். திரும்பிப் பார்த்தால் அத்தை.

"நீங்க ஏன் அத்தை?"

"நானும்தான பொண்ணு பாத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் மிதித்தோம். பிறகு, "அந்த நாயிக்கு ஒரு ஏக்கமும் இல்லம்மா. நீ என்னிக்கெல்லாம் தட்டை ஒதுக்கறியோ அன்னிக்கெல்லாம் அதுவும் ஒதுக்குது. நான் பாத்துக்கினுதான் இருக்கேன். கேட்டா நீ அழுவியோன்னு கேக்கல" என்றார்.

அழுதேன். அவர் கேட்காமல் இருந்ததற்கும் சேர்த்து அழுதேன். பிறகு வத்தல் குழம்பில் புளி தூக்கல் என்பதைக் கூடச் சொல்லிவிட்டேன். மிதித்து முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். மத்தியானம் கரையில் உட்கார்ந்து இருவரும் ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிட்டோம். மூன்றாம் நாள் துரை எங்கள் நடுவில் தலையை நுழைத்து, அதில் பாதியைத் தின்றான். அமாவாசை வந்தது. லாரி அவன் இல்லாமலே பாண்டிக்குப் போனது.

வெள்ளையம்மா ஒரு மூட்டை உப்போடு கிளியனூருக்குத் திரும்பியது. பையனுக்குப் பிடிக்கவில்லையா என்று மில்காரர் மனைவி கேட்டாராம். பையன் சின்னவன், பயந்துட்டான் என்று அத்தை பதில் சொல்லியனுப்பினார்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எத்தனை விசேஷத்தில் சொல்லப்பட்டதென்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளில் ஒன்று கேட்கும், அப்புறம் இன்னொரு நாய் வாங்கவே இல்லையா என்று. பதில் எப்போதும் அத்தைதான் சொல்வார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

"கிளியனூர் வரைக்கும் போயி தேடினா உங்கம்மா. ரெண்டாவது நாயி இங்க அடுப்பாங்கரையிலேயே குழம்பு வச்சுக்கினு உக்காந்திருந்துச்சு, அவதான் பாக்கல."