வெள்ளைப் பொத்தான்

மனிதர்களை உயர்ந்தோர், மற்றோர் என்று பிழையின்றிப் பிரிக்க எத்தனையோ பேரறிஞர்கள் முயன்று தோற்றிருக்கிறார்கள். பினாங்கில் நாங்கள் அதை ஒரு கோட்டை வைத்துச் சாதித்துவிட்டோம்.

'பினாங்குத் தமிழ்க் கனவான்கள் சங்க'த்தின் விதி நான்கைக் கேளுங்கள். 1920க்கு முன் இத்தீவில் கோட்டு அணிந்தவரின் பேரன்மாரே உறுப்பினர். உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கே மண்டபம். மற்றவர்கள் பந்தல் போட்டுக்கொள்ளலாம். அதற்கு நாங்கள் தடை சொல்வதில்லை.

தியாகராஜா ஆகிய நான் சங்கச் செயலாளர். 'கோட்டுக் கால நிர்ணய உபகுழு'வுக்குத் தலைவனும் நானே. பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்க்கிறேன்; அது வயிற்றுப்பாட்டுக்கு.

கோட்டின் வயதைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கூட வரும் கால்சட்டையில் ஜிப் இருந்தால் அது பழசில்லை. இடுப்பில் தோள்வார் மாட்டப் பொத்தான்கள் இருக்க வேண்டும். பொத்தான்துளை கையால் தைத்ததாக இருக்க வேண்டும். சூடாக்கிய ஊசியைப் பொத்தானில் வைத்தால் முடி கருகும் வாடை வர வேண்டும். வந்தால் கொம்பு, உருகினால் பிளாஸ்டிக். எங்கள் தலைவர் ஏரம்பமூர்த்தி கொண்டுவந்த பாட்டனார் கோட்டில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கால்சட்டையில் ஜிப்பும் இருந்தது. 'பிற்காலப் பழுதுபார்ப்பு. காலம் 1911' என்று சான்றிதழ் எழுதினேன். விஞ்ஞானத்துக்கும் ஆள் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மண்டபச் சுவரில் ஸ்தாபகர்கள் ஐவரின் படங்கள் தொங்குகின்றன. எல்லாம் 1913இல் எடுத்தவை. மூன்றாவது என் தாத்தா. ஐவருக்கும் கறுப்புக் கோட்டு. ஐவருக்கும் நடுப் பொத்தான் மட்டும் வெள்ளை. 'கருமைக்கு நடுவே தூய்மை' என்று அதற்குப் பொருள் கண்டு வெள்ளைப் பொத்தானையே சங்கச் சின்னமாக்கினோம். எங்கள் சட்டைகளிலும் ஆளுக்கொன்று குத்தியிருப்போம்.

1988, சங்கத்துக்கு எழுபத்தைந்தாவது ஆண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலு, பாகான் டாலாமிலிருந்து ஃபெரி பிடித்து வந்தார். மூன்று வாரத்தில் மகள் நவமணிக்குக் கல்யாணம். பதிவு செய்திருந்த மண்டபத்தின் கூரை இறங்கிவிட்டதாம்.

"வேற எங்கயும் இடம் கிடைக்கல சார். நீங்கதான் பார்த்து செய்யணும்."

"பரம்பரைக் கோட்டு ஏதும் இருக்கா தம்பி?" என்று தலைவர் கருணையோடு கேட்டார். இல்லை என்ற பதிலுக்கு மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"ஒண்ணு இருக்குங்க சார்."

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். பிளாஸ்டிக் பையிலிருந்து கோட்டு வெளியே வந்தது. எங்கள் நிபுணர், சூலியா தெருத் தையல்காரர் காஜா மொய்தீன், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதைப் புரட்டினார்.

"கைத்தையல். கொம்புப் பொத்தான். தொள்ளாயிரத்துப் பத்தைத் தாண்டாது. நீங்க இதுவரைக்கும் காட்டினதுல இது ஒண்ணுதான் அசல், செக்கட்டரி."

தலைவர் இருமினார்.

"நடுப் பொத்தான் மட்டும் சிப்பி. யாரோ சட்டையில இருந்து பிச்சுத் தச்சிருக்காங்க. முதுகுத் தையலைப் பாருங்க, பூரா ஊசி ஓட்டை. ஒல்லியான ஆளுங்களுக்குப் பின்னாடி இழுத்துக் குத்தியிருக்காங்க." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "அஞ்சு பேரும் போட்டிருக்கிறது இதே கோட்டுதான் லா."

பொருளாளர் விநாசித்தம்பி தன் சட்டையிலிருந்த சின்னத்தை மெல்லக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

வேலு சங்கடத்தோடு சொன்னார். "எங்க தாத்தா டோபி சார். கப்பல் அதிகாரி ஒருத்தர் வெளுக்கப் போட்டுட்டுப் போனவரு, திரும்பி வரவே இல்லயாம். படம் எடுக்கப் போறவங்க தாத்தாகிட்ட வந்து இதைக் கேப்பாங்களாம். பெரிய மனுசங்க, இல்லேன்னு சொல்ல முடியாது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடுவாங்களாம். நடுப் பொத்தான் விழுந்தப்ப தன் சட்டையில இருந்து பிச்சுத் தச்சதும் தாத்தாதானாம்."

"உங்க தாத்தா இதைப் போட்டிருக்காரா?" என்று தலைவர் கேட்டார்.

"அது எப்படி சார் போடுவாரு? அடுத்தவங்க துணி இல்லயா."

தலைவரின் முகம் தெளிந்தது. விதி நான்கில் 'அணிந்தவர்' என்றுதான் இருக்கிறது. துவைத்தவர், தேய்த்தவர், தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துத் தைத்தவர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'கோட்டு அசல். விண்ணப்பதாரர் தகுதியற்றவர்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எழுதியவன் நான்தான். எழுதும்போது வெட்கமாக இருந்தது. ஆனால் கூட்டக் குறிப்பில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது.

"கோட்டை மட்டும் சங்கத்துக்கு அன்பளிப்பா வச்சிட்டுப் போகலாமே" என்றார் தலைவர்.

"கோட்டுக்குச் சொந்தக்காரங்க வந்து கேட்டா கொடுக்கணுமே சார்" என்று வேலு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கல்யாணம் பாகான் டாலாமில் கோயில் பக்கத்துத் திடலில், பந்தலில் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் மழை கொட்டி, இலையில் போட்ட சோறு மிதந்ததாம். போய் வந்த காஜா மொய்தீன் சொன்னார். எங்கள் மண்டபம் அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. அதன் தூய்மை கெடவில்லை.

அடுத்த மாதம் விழா மலருக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. 'நிர்வாகிகள் ஒவ்வொருவரும் ஸ்தாபகர் அணிந்த கோட்டிலேயே காட்சி தருவது' என்று தீர்மானித்தோம். அந்தக் கோட்டை 'வரலாற்று நோக்கில் தற்காலிகமாகப் பெற்றுவர' என்னை அனுப்பினார்கள். ஃபெரியில் நின்றபடி, வாசலில் வேலு கத்தினால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி லெட்சுமி.

"அவரு வேலைக்குப் போயிருக்காரு சார். கோட்டுக்குத்தானே வந்தீங்க? நேத்தே அயன் பண்ணி வச்சிட்டேன். யாராச்சும் வருவாங்கன்னு சொல்லிட்டுத்தான் இருந்தாரு."

அவர் நீட்டிய பையை வாங்கிக்கொண்டேன்.

"சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடுங்க சார்."

ஸ்டூடியோவில் முதல் ஆளாக நான்தான் அணிந்தேன். படம் பிடிப்பவர் ஊசிகளோடு என் முதுகுப் பக்கம் வந்து, இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார். எனக்கு ஊசியே தேவைப்படவில்லை. அளவெடுத்துத் தைத்ததுபோல அத்தனை கச்சிதமாக இருந்தது.