ஈப்போவா, சிரம்பானா?

மலாயாவில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு மழை பெய்யும், எந்தக் கடையில் மூட்டைப்பூச்சி அதிகம், எந்த முதலாளி சோற்றை அளந்து போடுவார் என்பதையெல்லாம், குளச்சல் தபாலாபீஸ் வராந்தாவை விட்டு எழுந்திருக்காமலே சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் கடுதாசி அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்த அந்த மனிதர் தன் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை.

நான் அந்த ஆபீஸில் ஸ்டாம்பு விற்கும் குமாஸ்தா. சன்னலுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், ஒரு சாக்கை விரித்து, மண்ணெண்ணெய்ப் பெட்டியை மேஜையாக வைத்துக்கொண்டு அவர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கடியப்பட்டணத்திலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும்கூட நடந்து வருவார்கள். புருஷன் கொழும்பிலோ மலாயாவிலோ இருப்பான். அவன் கடிதத்தை இவர் வாசித்துக் காட்டுவார். பதிலையும் இவரே எழுதுவார். கூலி அவரவர் வசதிப்படி. சாளை கொடுத்தால் கார்டு, நெய்மீன் கொடுத்தால் கவர் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அவர் எழுதிய கடிதங்களைக் கப்பல் தாண்டியும் பூனைகள் துரத்தும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

எழுதுவதில் அவரிடம் பொய்யே கிடையாது. ஒரு தடவை ஒரு பெண் முக்காடு போட்டு நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் எழுதுகிறபடி ‘இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்’ என்று எழுதச் சொன்னாள். அண்ணாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். நலமாக இருக்கிறாயா என்று கேட்டார். மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாள். அப்படியே எழுதினார்: ‘இங்கு காய்ச்சல். அங்கு நலமறிய ஆவல்.’ சிங்கப்பூரிலிருந்த அவள் புருஷன் பதறிப்போய்த் தந்தி அடித்தான். தந்தி வந்து சேர்ந்தபோது அவள் சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள்.

வாசிப்பதில்தான் பொய் உண்டு. வீட்டுத் தென்னையைக் கேட்காமல் விற்றதற்காக ஒருவன் பெண்டாட்டியை இரண்டு பக்கம் வைது எழுதியிருந்தான். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “சொகமா இருக்கேன், நீயும் பிள்ளைகளும் வயித்துக்குத் தின்னுங்க, அவ்வளவுதான்” என்று மடித்துக் கொடுத்துவிட்டார். ரெண்டு பக்கம் இருக்கிறதே என்று அவள் சந்தேகப்பட்டாள். “அவனுக்கு எழுத்து பெருசு மக்கா” என்றார். அன்று மாலை அவனுக்குப் போன பதிலின் கடைசியில், கேட்காமலே ஒரு வரி சேர்ந்துகொண்டது: ‘இதை எழுதியவன் அபிப்பிராயம்: தென்னை பட்டுப்போன தென்னை. நீர் வாயை அடக்கவும்.’

இப்படி அபிப்பிராயம் வாங்கிக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் மலாயாவில் முன்னுக்கு வந்து சொந்தக் கடை வைத்தார்கள். ஒருவருக்கு ஈப்போவில் ஜவுளிக் கடை. மற்றவருக்குச் சிரம்பானில் பலசரக்குக் கடை. இருவருக்கும் கடிதப் போக்குவரத்துக்கு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. இருவருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தது. சொல்லிவைத்ததுபோல் ஒரே வாரத்தில் இரண்டு கடிதமும் வந்தன. சாப்பாடு, படுக்கை, சம்பளம் எல்லாம் ஒன்றுபோலவே எழுதியிருந்தார்கள். முன்னைப்போல் நினைத்தவுடன் கப்பலேற முடியாது, முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் மலாயாவுக்குள் விடுவார்கள், அதனால் இந்த மாசக் கடைசிக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்பதும் ஒன்றுபோலவே இருந்தது.

அண்ணாச்சிக்குப் போகாமல் தீராது. மூன்று பெண் பிள்ளைகள். வீடு ஓலைக்கூரை. ஆனி ஆடிச் சாரலில் ஒழுகாத இடமே இல்லாததால், மைனி, அதாவது அண்ணாச்சியின் சம்சாரம், இருக்கிற பாத்திரத்தையெல்லாம் தரையில் பரத்திவிட்டு, சமைக்கப் பாத்திரம் இல்லாமல் நிற்பார். போவது என்பது முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி. வேறு யாராவது பூப்போட்டுப் பார்த்திருப்பார்கள். இவருக்குத்தான் இரண்டு ஊரும் உள்ளங்கை ரேகையாயிற்றே.

ஈப்போவில் சுற்றிலும் மலை. குடிக்கிற வெள்ளம் நல்ல வெள்ளம். சிரம்பானில் தினம் சாயங்காலம் மழை, துணி காயாது. ஈப்போவில் அரிசி கொள்ளாம், நல்ல அரிசி. சிரம்பானில் புளிக்குப் புளிப்பு இல்லை. இப்படி அவர் தராசு பிடித்ததில் ஊரே இரண்டாகப் பிரிந்தது. பேருந்து நிற்கும் இடத்து டீக்கடைக்காரர் ஈப்போ கட்சி. எதிரே இருந்த முடிவெட்டும் கடைக்காரர் சிரம்பான் கட்சி. இருவரும் நாகர்கோவிலைத் தாண்டிப் போனதில்லை. மலைக்காக ஈப்போ போவானேன், நம்ம வேளிமலைக்கு என்ன குறைச்சல் என்று முடிவெட்டுகிறவர் கேட்டதில் சண்டை வந்து, அன்றிலிருந்து அவருக்கு டீ கிடையாது, இவருக்குச் சவரம் கிடையாது என்றாயிற்று. டீக்கடைக்காரர் தாடியோடு திரிந்தார்.

மாசம் பாதி கழிந்தபோது அண்ணாச்சிக்கு ஞானம் பிறந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“வே, சிரம்பான்ல இருந்து நம்ம ஆளுவ எத்தன நாளைக்கு ஒரு கடுதாசி போடுதானுவ?”

பதினைந்து நாளைக்கு ஒன்று வரும் என்றேன்.

“ஈப்போக்காரன்?”

யோசித்துப் பார்த்தேன். நாலு மாசம், ஐந்து மாசத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

“சிரம்பான்காரன் என்ன எழுதுதான்? இடுப்பு வலிக்கி, கொசு கடிக்கி, மொதலாளி சரியில்ல. வலிக்கவன்தானே வே கத்துவான்? ஈப்போவுல ஒருத்தனுக்கும் ஒரு வலியும் இல்ல. அதான் சத்தமே இல்ல.”

பதினைந்து வருஷமாகக் கடிதம் வாசித்துப் பிழைத்த ஒரு மூளைக்குத்தான் இப்படித் தோன்றும். வராத கடிதத்தையும் அவர் வாசித்துவிட்டார். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகவே பட்டது. அவர் கேட்டுக்கொண்டபடி, அடுத்த இரண்டு வாரம் தபால் கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் இரண்டு ஊர் முத்திரையையும் எண்ணிச் சொன்னேன். சிரம்பான் பதினெட்டு. ஈப்போ ஒன்று, அதுவும் விலாசம் தவறி வந்தது. டீக்கடையில் ஈப்போ கட்சிக்கு வெற்றி என்று எல்லோருக்கும் சுக்குக் காப்பி கிடைத்தது.

மாசக் கடைசிக்கு முந்திய நாள், ஈப்போவுக்குச் சம்மதக் கடிதத்தை மணி மணியாக எழுதிக்கொண்டு வந்தார். ஸ்டாம்பும் வாங்கி, ஒட்டுவதற்காக நாக்கை நீட்டினார். அப்போது தெரசம்மை படியேறி வந்தாள்.

தெரசம்மை கடியப்பட்டணத்துக்காரி. மீன் கடவப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஈப்போவிலிருக்கும் புருஷனிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று வாரம் தவறாமல் கேட்பாள். இல்லை என்று நானும் வாரம் தவறாமல் சொல்வேன். அன்றும் சொன்னேன். அவள் அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

“சொகமா இருக்கவன் கடுதாசி போடமாட்டான்னு நீங்க பறஞ்சியளாம். சந்தையில பேசிக்கிடுதாவ. அப்பம் எனக்க ஆளு ரெம்ப சொகமாத்தான் இருக்கான், இல்லியா அண்ணாச்சி? ஏழு மாசமாச்சு.”

அண்ணாச்சி நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். என்ன எழுத வேண்டும் என்று தாளை எடுத்தார்.

“ஒமக்கு ஒரு காய்ச்சலாவது வரட்டும், அப்பமாவது எங்கள நெனப்பீருன்னு எழுதுங்க.” கொஞ்சம் நின்றாள். “வேண்டாம், அப்படி எழுதாண்டாம். காய்ச்சல் ஒண்ணும் வராண்டாம். பிள்ளைக்குப் பல்லு மொளச்சாச்சுன்னு மட்டும் எழுதுங்க.”

அதை மட்டும் எழுதினார். அன்றைக்கு அபிப்பிராயம் எதுவும் சேர்க்கவில்லை. அவள் கொடுத்த மீனையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒட்டாத ஸ்டாம்பைக் கடிதத்தோடு மடியில் கட்டிக்கொண்டு, என்னையும் கூட வரச் சொல்லி வீட்டுக்கு நடந்தார். அவர் பேசாமல் நடந்ததை ஊரார் அன்றுதான் பார்த்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று இரண்டு பேர் எங்கள் பின்னாலேயே வந்தார்கள்.

மைனி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஈப்போவின் மலையையும் சிரம்பானின் மழையையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மைனி கை நிறுத்தாமல் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்து, நீ எந்த ஊரைச் சொல்கிறாய் என்று கேட்டார் அண்ணாச்சி. ஒரு மாசமாக ஊர் முழுக்கக் கேட்டவர் தன் வீட்டில் அன்றுதான் கேட்கிறார்.

“நான் ஊரக் கண்டேனா?” என்றார் மைனி. “பதினஞ்சு வருசமா ஊர்ல உள்ள பொம்பளையளுக்கெல்லாம் கடுதாசி எழுதினியோ. எனக்கு ஒரு வரி எழுதினதுண்டா?”

“நீ வீட்லதானே இருக்கே. ஒனக்கு எதுக்குக் கடுதாசி?”

“அதத்தான் சொல்லுதேன். இனி நீங்க வீட்ல இருக்க மாட்டியள்லா. எழுதுத ஊருக்குப் போங்க.”

துருவிய தேங்காயை எடுத்துக்கொண்டு அம்மியடிக்குப் போய்விட்டார். அண்ணாச்சி மடியை அவிழ்த்து ஈப்போக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். ஸ்டாம்பை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார். அங்கேயே உட்கார்ந்து சிரம்பானுக்கு எழுதினார். மறுநாள் நானே முத்திரை குத்தி அனுப்பினேன். சிரம்பானில் நிம்மதி இல்லை என்று தெரிந்துகொண்டே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்துப் போனவர் மலாயா சரித்திரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். முடிவெட்டும் கடைக்காரர் தன் கட்சி ஜெயித்த சந்தோஷத்தில், எதிர்க்கட்சித் தலைவருக்கு இலவசமாகத் தாடியை எடுத்துவிட்டார்.

நாகப்பட்டணத்தில் கப்பலேறினார். முதல் கடிதம் இருபத்தெட்டாம் நாள் வந்தது. அப்போதுதான் எங்கள் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் தெரிந்தது: மைனிக்கு வாசிக்கத் தெரியாது, மூத்தவளுக்கும் தெரியாது, மற்ற இருவரும் சின்னப் பிள்ளைகள். ஊருக்கே வாசித்தவர் வீட்டுக்கு வாசிக்க ஆள் வைக்காமல் போய்விட்டார். அந்த உத்தியோகம் எனக்கு வந்தது.

பதினோரு பக்கம். அரிசி நாறுகிறது. மீன் ஐஸில் வருகிறது. எப்போது செத்தோம் என்பது அந்த மீனுக்கே ஞாபகமில்லை. முதலாளி கணக்குப் புத்தகத்தின் மேலேயே தும்முகிறார். நாலு மணி மழையில் கட்டியிருக்கிற வேட்டியே காயவில்லை. நான்தான் வாசிப்பேன் என்று கப்பலிலேயே ஊகித்திருக்க வேண்டும்; என் வாசிப்பில் நம்பிக்கை இல்லாததால், ஓரத்தில் எனக்குத் தனி உத்தரவுகள்: ‘இங்கே மூச்சு விடவும்.’ ‘இதைத் தபாலாபீஸ் குரலில் வாசிக்க வேண்டாம்.’ கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டு, ‘இதை வாசிக்காமல் தாளை அவள் கையில் கொடுத்துவிடவும்’ என்று எழுதியிருந்தார். கொடுத்தேன். மைனி அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். குமாஸ்தாவின் கண் சும்மா இருக்குமா? ஆனால் சொல்ல மாட்டேன்.

பதினைந்து நாளைக்கு ஒன்றாக ஆறு வருஷம் வந்தது. கூரைக்கு ஓடு போட்டார்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தபோது, ‘நான் ஊர் மாறி வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே மாறிவிட்டீர்களே’ என்று அதையும் ஒரு புகாராக எழுதினார். குறையில்லாமல் ஒரு கடிதம் வந்ததில்லை. அடுத்த பிள்ளைகள் வாசிக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும், மைனி என்னையே கூப்பிட்டனுப்புவார்.

ஆறாம் வருஷக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஒரே பக்கம். அரிசி நன்றாக இருக்கிறது. மழை பரவாயில்லை. முதலாளி தங்கமான மனிதர். நல்ல தூக்கம். நான் வாசிக்க வாசிக்க மைனியின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. தெரசம்மையின் ஆள் கடைசி வரைக்கும் வரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டார்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் மூன்று வரி இருந்தது: ‘டிக்கெட் எடுத்தாயிற்று. தை மாசக் கப்பலில் வாறேன். ஆகையால் இந்தத் தடவை குறை ஒன்றும் இல்லை.’

மைனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். மூன்றாவது தடவை யாரும் சொல்லவில்லை. அது நான் எனக்காக வாசித்தது.