திரும்பிப் படுத்த மைதானம்

மனிதர்களில் மைதானப் பித்தர் என்றொரு வகை உண்டு. விளையாட்டுப் பித்தர் வேறு, இவர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். விளையாட்டுப் பித்தருக்கு யார் ஜெயித்தார்கள் என்று தெரிய வேண்டும். மைதானப் பித்தருக்கோ, ஜெயித்தவர்களின் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிந்தது என்று தெரிந்தால் போதும். அவரிடம் உலகக் கோப்பை பற்றிப் பேச்செடுத்துப் பாருங்களேன். மரக்கானா அரங்கில் ஒரு காலத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்டம் பார்த்ததையும், லார்ட்ஸ் மைதானம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஆளுயரத்துக்கும் மேலாகச் சரிந்து கிடப்பதையும், ஏதென்ஸில் ஓர் அரங்கத்தை முழுக்கப் பளிங்கினாலேயே இழைத்திருப்பதையும், போர்ச்சுகலில் பிராகா என்ற ஊரில் கல்குவாரிக்குள் அரங்கம் கட்டி, ஒரு கோலுக்குப் பின்னால் வெறும் பாறையை நிற்கவிட்டிருப்பதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு பெருமூச்சு விடுவார். அங்கே யார் கோல் போட்டார்கள்? தெரியாது. நேரில் போயிருக்கிறாரா? வடக்கே மீஞ்சூர், தெற்கே மாமியார் வீடு, அதோடு சரி.

நான் அறிந்தவரையில் இந்த இனத்தின் தலைமகன் ராயபுரத்து ஞானதுரை அண்ணாச்சி. அப்பா காலத்தில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, மீன்வலை, நைலான் கயிறு, மிதவை என்று மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். கல்லாவுக்கு மேலே இயேசுநாதர் படம். பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக வெம்ப்ளி அரங்கம். வலை வாங்க வருகிறவரிடம் என்ன கண்ணியளவு என்று கேட்பதற்கு முன்பே கைபேசியில் நார்வே நாட்டு ஹென்னிங்ஸ்வேரைக் காட்டுவார்: பாறைத் திட்டின்மேல் பச்சைப் பசேலென்று ஒரு கால்பந்து மைதானம், சுற்றிலும் கடல், ஓரத்தில் மீன் காயப்போடும் சட்டங்கள். காத்திவாக்கத்துப் படகுக்காரர் வேம்பு இரண்டு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, நம்ம ஊரிலும்தான் மீன் காய்கிறது, எவன் போட்டோ பிடிக்க வருகிறான் என்று கேட்டாராம். அந்தக் கேள்வியோடு அண்ணாச்சியின் தூக்கம் போயிற்று.

போன மாசியில் நெட்டுக்குப்பம் கடற்கரையில் பெண்களுக்கான எழுவர் கால்பந்துப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்துக்கு விளையாட்டு விடுதியிலிருந்து ஜஹானாரா மேடம் ஆள் பார்க்க வருகிறார்; அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கோல்கீப்பர். அந்த இடத்துக்கு மோதியவர்கள் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளின் கீப்பர்கள்: வியாசர்பாடி அன்புக்கரசி, திருவொற்றியூர் ஜெமிமா. ஜெமிமாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அன்புக்கரசிக்கு அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். விட்டால் போச்சு.

இரண்டு கோல் வலைகளையும் அண்ணாச்சி கடையிலிருந்து இலவசமாகக் கொடுத்தார். வலை கொடுத்தவருக்குக் கோல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் வந்துவிடுகிறதல்லவா? நெட்டுக்குப்பத்தில் சவுக்குக் கம்பங்களைத் தெற்கிலும் வடக்கிலும்தான் நடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் அங்கே ஒரு தடவை பந்தாடியவருக்குக் கேட்கத் தோன்றாது. அண்ணாச்சி என்றைக்குப் பந்தாடினார்? மேற்குக் கோலுக்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கிழக்குக் கோலுக்குப் பின்னால் வங்காள விரிகுடா, உலகத்தில் எந்த மைதானத்துக்கு இப்படி வாய்க்கும் என்று சொல்லிச் சொல்லிக் கம்பங்களை மாற்றி நடவைத்து, சுண்ணாம்புக் கோடும் போடவைத்து, தண்ணீர்த் தொட்டியின்மேல் கைபேசியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். வியாசர்பாடிப் பயிற்சியாளர் பகலவன் ஏதோ முனகினார். அண்ணாச்சி கோபித்துக்கொண்டு வலையைக் கழற்றிவிட்டால் என்ன செய்வது என்று எல்லாரும் சேர்ந்து அவரை அடக்கிவிட்டார்கள்.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. கிழக்குக் கோலில் அன்புக்கரசி, அவள் கண்ணுக்கு நேரே சூரியன். திருவொற்றியூர்ப் பெண்கள் விவரமானவர்கள். தூக்கித் தூக்கியே அடித்தார்கள். இரண்டு பந்துகள் வலைக்குள் விழுந்த சத்தத்தைத்தான் அவள் கேட்டாள், பந்தைப் பார்க்கவில்லை. குறி தப்பியவையோ நேரே கடலுக்குப் போயின. வேம்பு ஒவ்வொரு முறையும் படகைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்துவர, நடுவர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருக்க, மூன்றாவது பந்தை அலை துறைமுகத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டது. ஜஹானாரா மேடம் குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டேயிருந்தார். தொட்டியின்மேல் அண்ணாச்சி ஆனந்தத்தில் மிதந்தார்.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறும். இனி சூரியன் ஜெமிமாவின் கண்ணில். வியாசர்பாடிக்குக் கொண்டாட்டம்தானே? அன்புக்கரசி தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் ஒரு கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டத் தொடங்கினாள். பகலவன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். இரண்டு கோல் பின்தங்கியிருக்கிறோம், இப்போதுதான் வெளிச்சம் நம் பக்கம் வருகிறது என்றார்.

"சூரியன வெச்சிக்கினு ஜெயிச்சா அது இன்னா ஜெயிப்புண்ணே? அவளுக்கும் பந்து தெரியட்டும். அப்பாலிக்கா பாக்கலாம், யாரு கீப்பருன்னு."

கூட்டத்தில் நின்றிருந்த நானும் ஓடிப்போய் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள், சாட்சாத் எதிரணி ஜெமிமா என்று ஆளாளுக்குக் கைகொடுக்க, நடுவருக்கு எந்தச் சட்டமும் ஞாபகம் வருவதற்குள் மைதானம் தெற்கு வடக்காகத் திரும்பிப் படுத்துவிட்டது. மேலேயிருந்து அண்ணாச்சியின் குரல் மட்டும் பரிதாபமாகக் கேட்டது.

"ஏய் பிள்ளே, கோணம் போயிரும்லா. புகைபோக்கி வரலைன்னா இது என்ன கிரவுண்டு?"

இரண்டாம் பாதியில் அன்புக்கரசியைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. வியாசர்பாடியால் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. கோப்பை திருவொற்றியூருக்குப் போயிற்று. அடுத்து வந்த வியாழக்கிழமை ஜஹானாரா மேடம் பகலவனைக் கூப்பிட்டு, அந்தக் கம்பம் பிடுங்கிய பெண்ணைத் திங்களன்று பெட்டியோடு அனுப்பிவையுங்கள் என்றார். வியாசர்பாடியில் அன்றைக்கு வெடி வெடித்தது.

செய்தி சொல்ல அண்ணாச்சி கடைக்குப் போனேன். இடைவேளையில் திரும்புகிற மைதானம் உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான் என்று ஒரு வாடிக்கையாளருக்கு வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். அன்புக்கரசிக்கு இடம் கிடைத்துவிட்டது என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றவர், அந்த விடுதி மைதானத்துக்குப் பின்னால் மலை எதுவும் தெரியுமா என்று விசாரித்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடலும் கருவாடும் புகைபோக்கியும் உங்கள் மனக்கண்ணில் அழகாக விரிந்துகொண்டிருந்தபோது, இரண்டாம் பாதியில் அந்தப் பெண் எத்தனை பந்துகளைத் தடுத்தாள் என்று நான் சொல்லவேயில்லை, நீங்களும் கேட்கவேயில்லை.

பதினொன்று, ஐயா. பதினொன்று.