வாய்ப்புண் கொண்டுவந்த மாப்பிள்ளை

ஓசூரில் மச்சானோடும் பிள்ளைகளோடும் சுகமாக இருக்கும் அன்புத் தங்கை சகாயராணிக்கு,

மாரண்டஹள்ளியிலிருந்து அண்ணன் சவரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் லூர்தம்மாளும் உன் மருமகள் அன்பரசியும் நலம். நீ போன் செய்தபோதெல்லாம் நான் "ம்", "ம்ஹூம்" என்று மட்டும் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாக்கு, உதடு, கன்னத்தின் உள்பக்கம் எங்கும் புண். காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிறவனுக்கு வாய் போனால் என்ன ஆகும், நீயே சொல்லு.

எடை போடும் குமார், "கல்லுப்பு வைங்கண்ணே, ஒடனே கேக்கும்" என்றான். வைத்தேன். எரிச்சலில் ரெண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். ஏலம் முடிந்ததென்று நினைத்து, வியாபாரிகள் பாதி விலைக்குத் தக்காளிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரி தேன் தடவிப் படுத்தேன், எறும்பு மீசைக்குள்ளே ஊர்வலம் போச்சு. கொய்யா இலையை மென்றால் ஆடு மாதிரி இருக்குன்னு லூர்தம்மாள் சிரிக்கிறாள். கடைசியில் நீ சொன்ன மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும்தான் கேட்டது.

தேங்காய்ப்பாலை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அன்பரசியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அமலன், பாலக்கோட்டில் லேப்பில் வேலை. அவனுக்கும் அன்பரசிக்கும் முன்பே பிடித்துப்போயிருந்தது. முன்னால் வந்த ரெண்டு சம்பந்தம் எப்படிப் போச்சு என்று உனக்குத் தெரியும். ஒருத்தர் காரைப் பார்த்து, "இது ஓடுங்களா, தள்ளணுங்களா?" என்றேன். இன்னொரு மாப்பிள்ளையிடம், "தம்பிக்கு இப்பவே முன்நெத்தி வெளிச்சமா இருக்குதே" என்றேன். நல்லதுக்குத்தான் கேட்டேன்.

இந்த முறை அமலனின் அப்பா, ஏரியூரில் தக்காளி போடுகிறவர், என் வூட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "விவசாயியைக் கெடுத்ததே இந்த மண்டிக்காரனுங்கதாங்க" என்று அரை மணி நேரம் பேசினார். எனக்கு நாக்கு துடிச்சுது. வாய் திறந்தால் பால் கொட்டும். வந்த பேச்சை விழுங்கிவிட்டுத் தலையாட்டினேன். அவர் சம்சாரம் கண் கலங்கி, "எங்கூட்டுக்காரரு பேச்சை இவ்ளோ பொறுமையா கேட்ட மொத ஆளு நீங்கதாங்க. இந்த வூட்லயே பொண்ணெடுக்கறோம்" என்றார்.

அன்பரசி சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக வாயைக் கட்டிக்கிட்டியாப்பா?" என்று அழுதாள். இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதில் கூட அவள் இப்படி என் தோளில் சாய்ந்ததில்லை, ராணி. இது நீ கொடுத்தது. மறக்க மாட்டேன்.

உன் அடுப்பு ஓயாமல் பொங்க, பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர மாதா துணையிருப்பாள். மச்சானுக்கு என் தோத்திரம்.

அன்பு அண்ணன்,
சவரி

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தி போன் செய்தார். மண்டிக்காரர்களைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். வாய்தான் நன்றாக ஆறிவிட்டதே, நானும் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரில் பேச வருகிறார்களாம். அன்பரசி என் முகத்தையே பார்க்கவில்லை. வாய்ப்புண் வரவைக்கிற கைவைத்தியம் ஏதாவது தெரிந்தால், சனிக்கிழமைக்குள் சொல்லு.