எனக்கு ஒரு கஷ்டம் தேவை, மாமா

பாளையங்கோட்டை,
மார்கழி, குளிர்ந்த ஒரு பிற்பகல்.

கூடங்குளத்தில் வாழ்கின்ற, இன்னும் நெடுங்காலம் வாழப்போகின்ற மகேஸ்வரன் மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் மகன் பாபநாசம் பணிந்து எழுதிக்கொள்வது.

எங்கள் மாடியறையில் இரவு பகல் பாராமல் சுழன்று தொண்டாற்றிவந்த மின்விசிறி, சென்ற வாரம் அப்பாவின் கையாலேயே கழற்றப்பட்டு, பழைய போர்வையில் சுற்றப்பட்டு, பரணில் வைக்கப்பட்டது என்பதைக் கனத்த நெஞ்சோடு அறிவித்துக்கொள்கிறேன். இறக்கைகள் மூன்றும் நலம்.

நாங்களும் நலம். தாங்கள் நலமா? மெய்யாகவே நலமா? மூச்சு சீராக வருகிறதா? மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஏதும் செய்கிறதா? சித்ரலேகா அத்தையிடம் கேட்டு எழுதுங்கள், நீங்கள் சொன்னால் நம்ப முடியாது. ஏன் இப்படிக் குடைகிறான் என்று யோசிக்க வேண்டாம், அக்கறைதான். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களுக்கு ரகசியமாக அனுப்புவது எதுவானாலும் காப்பி ஆறுவதற்குள் குடும்பக் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு வந்து நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான் விண்ணப்பிப்பது நீங்கள் அறிந்ததே. நீங்கள் அறிந்துவிட்டதால் வள்ளியூர் வரைக்கும் எல்லோரும் அறிந்ததே. மார்க் இருக்கிறது, கணிதப் போட்டியில் வாங்கிய பதக்கம் இருக்கிறது, அடக்கம் ஒன்றுதான் இல்லை. நல்லவேளை, அதை அவர்கள் கேட்கவில்லை. நூறு பேர் விண்ணப்பித்தால் நாலு பேருக்குத்தான் இடம் என்று அப்பாவிடம் பயந்து பயந்து சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாலு இடம் இருக்குல்லா? நமக்கு ஒண்ணு போதும்லே. மிச்சம் மூணை யாருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும்" என்றார். உலகத்துக்கு மூன்று இடத்தைத் தானம் செய்த நிம்மதியில் இன்னொரு காப்பியும் கேட்டார்.

ஆனால் அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை உண்டு, மாமா. வாழ்க்கையில் நீ பட்ட ஒரு கஷ்டம் என்ன, அது உன்னை எப்படி மாற்றியது, எழுது என்கிறார்கள். நானும் நாள்கணக்காக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. வெள்ளம் வந்த வருஷம் பாதி ஊர் தண்ணீருக்குள் நின்றது, நம் வீடோ மேட்டில் நின்றது. எனக்கு நேர்ந்த ஒரே பாதிப்பு அரையாண்டுப் பரீட்சை தள்ளிப்போனதுதான், அதைக் கஷ்டம் என்று எழுதினால் தாமிரபரணிக்கே அடுக்காது. இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. பாபநாசம் என்று பேர் வைத்தீர்கள். இருந்த பாவமெல்லாம் நாசமாகி, என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்ல ஒரு துளி கூட மிச்சமில்லை.

அம்மாவிடம் போய், "எனக்குச் சின்ன வயசுல ஏதாவது கஷ்டம் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அரிவாள்மனையில் கத்தரிக்காய் அப்படியே நின்றது. "கஷ்டமா? ஒனக்கு நாங்க என்னலே கொற வச்சோம்? என்னைக்காவது பசின்னு படுத்திருக்கியா? நாளப்பின்ன அமெரிக்காக்காரன் நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நினைப்பான்? ஒரு கஷ்டமும் கிடையாதுன்னு தெம்பா எழுதுலே!" என்று பொரிந்தாள். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் அப்பாவுக்கோ கவலை வேறு பக்கம் ஓடியது. "இதுக்கு சர்டிபிகேட் கேப்பானாலே? வி.ஏ.ஓ. கையெழுத்து போதுமா, தாசில்தாரே போடணுமா?" என்றார். கையெழுத்து வாங்கித் தர மனிதர் தயார். கஷ்டம்தான் கைவசம் இல்லை. ஆகவே முறைப்படி ஒன்றை உண்டாக்குவது என்று முடிவாயிற்று, அதன் முதல் பலிதான் மேற்படி மின்விசிறி. மார்கழியில் மின்விசிறியைக் கழற்றினால் யாருக்குக் கஷ்டம்? நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கினேன். கொசு கடிக்குமே என்று அம்மா வலையும் கட்டிவிட்டாள்.

அது பலிக்கவில்லை என்றதும், நம் வாழைத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற காசிலிங்கம் அண்ணாச்சியிடம் என்னை அனுப்பினார் அப்பா, ஒரு நாள் முழுக்க வெயிலில் வேலை பார்த்துக் கஷ்டப்பட்டு வரும்படி. அண்ணாச்சி மண்வெட்டியை நீட்டினார். நான் பிடித்த பிடியைப் பார்த்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார். "கை கொப்பளிச்சிரும் தம்பி, பெறவு எப்படிப் பரீட்ச எழுதுவிய? அங்கன நெழல்ல போயி பைய சாஞ்சுக்கிடுங்க. பையன் நல்லா கஷ்டப்பட்டுட்டான்னு அப்பாட்ட நானே சொல்லிருதேன்" என்றார். பின்னாலேயே ஒரு செம்பு மோரும் வந்தது. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு எவன் மாமா கஷ்டப்பட முடியும்?

சாய்ந்தேன். வாழை இலையில் வெயில் பச்சையாகக் கசிந்துகொண்டிருந்தது, கரைக்கு அந்தப் பக்கம் ஆறு யாருடனோ பேசுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது, கண் செருகியதும் பனி பெய்ய ஆரம்பித்துவிட்டது. மாமா, நம் ரதவீதியில் பனி! நெல்லையப்பர் தேர் வெள்ளைக் கம்பளி போர்த்தி நிற்கிறது, அல்வாக் கடை வாசலில் ஆவி பறக்கிறது, நீளக் கோட்டுப் போட்ட பேராசிரியர்கள் வரிசையாகப் படித்துறைக்கு வந்து கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைக்கிறார்கள், மீன் கடித்ததும் குழந்தைபோல் கூசிக் குதிக்கிறார்கள். அதில் தாடிவைத்த ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, உனக்கு என்ன கஷ்டம்?" என்கிறார். "எழுந்திருக்கிறதுதான் ஐயா" என்கிறேன். "இடம் உனக்குத்தான்" என்கிறார். அப்போது பார்த்து ஓர் எறும்பு கடித்தது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கிடந்தேன். அவர்கள் ஊர் ஆற்றைப் போனில் பார்த்திருக்கிறேன். அகலமான ஆறு, படகெல்லாம் போகிறது, ஒருத்தர்கூடக் குளிக்கவில்லை. அங்கே என்னை 'ஏலே' என்று கூப்பிட ஆள் இருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் கஷ்டக் கணக்கில் சேராது, இன்னும் நடக்கவில்லையே.

ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிடைத்துவிட்டது, மாமா! சொந்தமாக, ஊரில் வேறு யாருக்கும் இல்லாத கஷ்டம்! ஒரே மூச்சில் கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். வாசிக்கிறவன் கல்லாக இருந்தாலும் கசிவான். எழுதிய எனக்கே சட்டைக் கை நனைந்துபோயிற்று. அப்பா பாடு கவலையில்லை, நாலில் ஒன்று நமதே. அது என்ன கஷ்டம் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் பாட்டுக்குப் பெட்டி வாங்குங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். எனக்குத் தங்கள் ஆசி வேண்டும். அதைத் தருவதற்குத் தாங்கள் நூறாண்டு திடமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாலில் ஒருவன்,
பாபநாசம்.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. இப்போது உறையை ஒட்டப் போகும்போது மனசு உறுத்துகிறது. கேட்காதீர்கள் என்றேன், நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள், மாமா. நோயில் கிடத்த மனசு வரவில்லை; தூக்கத்தில், வலி தெரியாமல், நல்ல சாவு. குறுக்குத்துறைப் படித்துறையில் நான்தான் சாம்பல் கரைத்தேன். அந்த இடத்தில்தான் அழுதது. பிறகு மனசு கேட்காமல் உங்களை எடுத்துவிட்டுச் சென்னைப் பெரியப்பாவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடியும் உங்களையே போட்டு, அனுப்பப் போகும் சமயம் நீங்கள் அம்மாவுக்குப் போன் செய்தீர்கள். ஸ்பீக்கரில் கேட்டது: "மருமவன் கால் அளவு என்னக்கா? நம்ம காயல்பட்டினத்துக் கூட்டாளி துபாய்ல இருந்து வரச்சில பனிக்குப் போடுத ஷூ வாங்கியாரேங்காரு. பாலவனத்துல என்ன பனின்னு கேக்காத, அங்க கிடைக்காதது இல்லியாம்." அம்மா போனை என் பக்கம் நீட்டினாள், நான் கொல்லைப்புறம் நழுவிவிட்டதால் "அவன் குளிக்கப் போயிருக்கான்" என்று சொல்லிச் சமாளித்தாள்.

கட்டுரையை அழித்துவிட்டேன். எனக்குக் கஷ்டமே கிடையாது, ஒன்று கிடைக்குமே என்று மாமாவைக் கொன்றேன், அவர் போன் செய்து கால் அளவு கேட்டார் என்று நடந்ததை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். இதற்கு எவனும் அழமாட்டான். ஆகையால் மேலே 'நாலில் ஒருவன்' என்று இருப்பதை 'நூறில் ஒருவன்' என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். பெட்டி இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

கால் அளவு எட்டு.