இரண்டு கர்சர்கள்

"மறுபடியும் ஒற்றை நட்சத்திரமா!" க்ரூம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ப்ளோவ்திவ் நகரில் ஐந்தே பேர் வேலை பார்க்கும் கம்பெனி அவருடையது. பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து புரோகிராம் எழுத, பிரவுசரிலேயே திறக்கும் எடிட்டர் ஒன்றைச் செய்திருந்தார்கள். பயன்படுத்துகிறவர்களின் குறைகளைப் படித்துத் தீர்த்துவைப்பது ராதோஸ்வெத்தாவின் பாடு.

இந்த ஒற்றை நட்சத்திர மதிப்பீடு போகோமில் என்பவர் கொடுத்தது. 'நான் எழுதும் வரியிலேயே இன்னொருவர் கர்சர் வந்து துள்ளுகிறது. சகிக்கவில்லை.'

"இவ்வளவுதானே?" என்ற ராதோஸ்வெத்தா, மதியத்துக்குள் மற்றவர்களின் கர்சரை மறைத்துவிட்டாள்.

மறுநாள் சோர்னித்சா என்ற பெண்மணி எழுதினாள். 'கூட எழுதுகிறவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. நான் எழுதியதை அழித்துவிட்டுப் போகிறார்.'

கர்சர் திரும்பி வந்தது, தலைக்கு மேல் பெயர்ச்சீட்டோடு. 'பெயர் என் வரியை மறைக்கிறது' என்றார் போகோமில். சீட்டை எடுத்துவிட்டு, யாராவது வரியைத் தொட்டால் மணி அடிக்கும்படி செய்தாள். 'சர்ச்சில் உட்கார்ந்து வேலை செய்வது போலிருக்கிறது' என்றாள் சோர்னித்சா. மணியை நிறுத்தி, ஒருவர் எழுதும் வரிக்குப் பூட்டுப் போட்டாள். எங்கோ ஒரு கல்லூரியில் நாற்பது மாணவர்கள் ஒருவரையொருவர் பூட்டிவிட்டு, பரீட்சை எழுத முடியாமல் ஆனந்தமாக வீட்டுக்குப் போனார்கள்.

போகோமிலும் சோர்னித்சாவும் ஒரே நிமிடத்தில் எழுதியிருந்தார்கள். 'அறிவிருக்கிறதா?'

"வெள்ளிக்கிழமை முதலீடு போடறவங்க வர்றாங்க," என்றார் க்ரூம். "முதல் பக்கத்துலயே இந்த ரெண்டு பேர் திட்டுதான் பளிச்சுனு தெரியுது. கம்பெனிய மூடிட்டுப் போகணுமா? நேர்ல போய்க் கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணு தாயே!"

கணக்கைத் தேடிப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே முகவரி, த்ராக்கியாப் பேட்டையில். சுடச்சுட ஒரு டப்பா பனித்சா என்ற சீஸ் பலகாரம் வாங்கிக்கொண்டு, லிப்ட் ஓடாத கட்டடத்தில் மூச்சிரைக்க ஏறினாள். நான்காம் மாடியிலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் இறங்கி வந்தது.

மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. அங்கே குடியிருக்கும் பென்கா என்ற பெண்மணி எட்டிப் பார்த்தாள். "யாரைப் பாக்கணும்?"

"போகோமில் சாரையும் சோர்னித்சா அம்மாவையும். எடிட்டர் செய்யற கம்பெனியிலேருந்து வர்றேன். அவங்க குறையெல்லாம் இன்னிக்கே தீத்து வெச்சுடறேன்."

பென்கா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, அந்தக் காரியத்தை மட்டும் பண்ணிடாதே கண்ணு! பதினோரு வருஷமா புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டிருந்தாங்க. இந்த ஒரு வாரமாத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து உன்னைத் திட்டுறாங்க!"