முழங்கால் இல்லாத இயந்திரம்

மனிதகுலம் நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்துவிட்டுக் களைப்பாறிக்கொண்டிருந்தது. அதைத் தட்டியெழுப்பிய பெருமை புத்தளம் களப்போரத்து 'உப்பு வாரல் நவீனமயமாக்கல் செயலக'த்தையே சாரும். ஒரு பொருள் இன்னொரு பொருளில் மோதும் பழைய பழக்கத்தை அங்கேதான் அடியோடு ஒழித்தார்கள். கணினியில்.

ஒழித்த கை அஸ்ரியாவுடையது. உப்பு வாரும் இயந்திரத்தின் இருநூற்றுப் பதினான்கு பாகங்களையும் கணினியில் வரைந்து, பூட்டி, ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஒன்று இன்னொன்றில் இடித்தால் திரை சிவக்கும். ஓட்டுபவரின் கதிரையில் ஒரு ஆள்பொம்மையையும் இருத்தியிருந்தாள். கரைத்தீவு செய்னுலாப்தீன்தான் அதை ஓட்டப்போகிறவர் என்பதால், அளவுநாடாவோடு உப்பளத்துக்குப் போய் அவரையே அளந்து வந்து செய்த பொம்மை அது. ஓடவிட்டாள். இயந்திரத்தின் வாரும் கை எழும்பித் திரும்பி, பொம்மையின் இடது முழங்காலில் போய் இடித்தது. திரை சிவந்தது.

பணிப்பாளர் மஸாஹிர் அவசரக் கூட்டம் கூட்டினார். வியாழக்கிழமை திறப்பு விழா. பெரிய திரையில் இந்தப் படம் ஓடவேண்டும். சிவப்பு, செயலகத்தின் 'அங்கீகரிக்கப்பட்ட நிறம்' அல்ல.

“அந்த ஆளைக் கொஞ்சம் சுருக்கேலாதா?”

“செய்னுலாப்தீன் நானாவையா, சேர்?”

“படத்துல, பிள்ளை, படத்துல!”

“படத்துல சுருக்கினா அவர் கதிரையில சுருங்கமாட்டாரே, சேர். கையை நாலு அங்குலம் குறைச்சாச் சரி. ரெண்டு கிழமை தாங்க.”

“அழைப்பிதழ் அடிச்சாச்சு!” பணிப்பாளர் பாகப் பட்டியலை விரல்வைத்து வாசித்தார். “அச்சு இருக்கு. பல்லுச் சக்கரம் இருக்கு. முழங்கால் எங்க?”

“இல்ல, சேர்.”

“பட்டியல்ல இல்லாத சாமான் எப்படி மோதும்? தூக்குங்க.”

அஸ்ரியா தூக்கினாள். ஒரே சொடுக்கில் செய்னுலாப்தீன் மறைந்தார். வெறுங்கதிரையின் மேலால் கை ஒய்யாரமாகச் சுழன்றது. திரை பச்சையானது. 'மோதல்கள்: பூச்சியம்' என்ற சான்றிதழில் பணிப்பாளர் பச்சை மையால் ஒப்பமிட்டார். அலுவலகமே கைதட்டியது. அஸ்ரியா மட்டும் அன்று பகல் சோற்றைத் தொடவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, பந்தல் கட்டி முடியுமுன்னரே உப்பளத்துக்குப் போய், செய்னுலாப்தீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் இடது முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

“ஏறமாட்டேன் எண்டா வேலையால நிப்பாட்டிருவாங்க, தங்கச்சி.” கொஞ்சம் யோசித்தார். “அது சரி, முதல் வாரல் ஆருட கையால?”

அந்த உப்பளத்தில் பருவத்தின் முதல் உப்பைப் பணிப்பாளர் கையால் வாருவிப்பது வழக்கம். வருடா வருடம் அவர் வெள்ளைச் சாரத்தோடு வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரேயொரு கூடை வாரி, பத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்.

விழாவில் பேச்சுகள் முடிந்தன. பெரிய திரை பச்சைப்பசேலென்று இருந்தது. செய்னுலாப்தீன் முன்னால் வந்து, மிகுந்த மரியாதையோடு கதிரையைத் தோள்துண்டால் துடைத்தார்.

“சேர், முதல் வாரல் உங்கட கையாலதானே. ஏறி இரிங்க.”

சனம் ஆரவாரித்தது. பணிப்பாளர் கதிரையைப் பார்த்தார். வாரும் கையைப் பார்த்தார். களப்புக் காற்று அள்ளி வீசியும் அவருக்கு நெற்றி வேர்த்தது.

“எனக்கு... முழங்கால் கொஞ்சம் சரியில்ல.”

அஸ்ரியா சான்றிதழை அவர் முன்னே நீட்டினாள். ஒலிவாங்கியில் அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“சேர், இது உங்கட ஒப்பம். இந்தக் கதிரையில ஆருக்கும் முழங்காலே இல்லையே?”

விழா 'தொழில்நுட்பக் காரணங்களுக்காக' ஒத்திவைக்கப்பட்டது. கை நாலு அங்குலம் குறைந்தது. இரண்டே கிழமைதான் எடுத்தது.

பணிப்பாளர் ஏதோ கவனக்குறைவாக ஒப்பமிட்டுவிட்டார் என்று ஊரில் சிலர் கதைக்கிறார்கள். இது அபாண்டம். அவ்வளவு கவனமான மனிதரைக் காண்பது அரிது. எது தன் முழங்கால், எது செய்னுலாப்தீனின் முழங்கால் என்பது, திரை சிவந்த அன்றே அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.